சிக்கனம் யார் செலவில்?



2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மதரஸா விடுமுறையின்போது, நாமும் நம் துணைவியாரும் ஸ்விட்சர்லாந்துக்குச் சென்று எட்டு நாள்கள் தங்கித் திரும்பினோம். புறப்படும் முன் மஹல்லாவில் மூத்தவர் ஒருவர் பள்ளிவாசல் படிக்கட்டில் நம்மை நிறுத்திக் கேட்டார்: "ஹஜ்ரத், ஹஜ்ஜுக்கே இன்னும் போகல. அதுக்குள்ள சுவிஸ்ஸா?"

நியாயமான கேள்வி. அதற்குரிய விடையைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். விமானச் சீட்டு நம் பணமன்று. நம் மைத்துனரின் மகன் சூரிச் நகரில் பணிபுரிகிறான். சிறு வயதிலேயே தாயை இழந்த அவனை வளர்த்தவர் நம் துணைவியார். அவனுக்கு முதற்குழந்தை பிறந்தது. "மாமி வந்து பிள்ளையைத் தூக்காமல் அகீகா இல்லை" என்று கூறி, இருவருக்கும் சீட்டும் பயணக் காப்பீடும் எடுத்து அனுப்பினான். உறவைச் சேர்த்து வாழ்வது மார்க்கத்தின் கட்டளை, அழைப்பை ஏற்றோம். நம் கையிலிருந்து எடுத்துச் சென்றது ஆயிரம் பிராங்க். அன்றைய மதிப்பில் ஒரு பிராங்க் தொண்ணூறு ரூபாயைச் சற்றே கடந்திருந்தது. ஆறு ஆண்டுகளில் இருவரும் சேர்த்த தொகை அது. ஒருவருடைய ஹஜ்ஜுக்கும் அது போதாது என்பது உண்மை. ஆயினும் அந்த மூத்தவரின் கேள்வி நம்முடன் விமானத்தில் ஏறியது; இன்றும் இறங்கவில்லை.

உலகிலேயே விலைவாசி மிகுந்த நாடுகளுள் ஒன்றில் குறைந்த பணத்துடன் எவ்வாறு இருந்தீர்கள் என்று பலரும் கேட்கின்றனர். இன்று நம் பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்கும் ஐரோப்பா செல்கின்றனர். பெற்றோர் அவர்களைப் பார்க்கச் செல்கின்றனர். நிகாஹ் முடிந்த கையோடு கடன் வாங்கி ஸ்விஸ் செல்லும் இளம் தம்பதியரும் உள்ளனர். ஆகவே எங்கெங்கே மிச்சம் பிடித்தோம் என்பதைச் சொல்வோம். அதைவிட முக்கியமாக, எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியுள்ளது.

யமன் நாட்டுப் பயணிகள்

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறோ வழிச்செலவோ இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவர். தாங்கள் அல்லாஹ்வையே நம்பியிருப்பவர்கள் என்று கூறிக்கொள்வர். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவர். இந்தப் பின்னணியில்தான், வழிக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிட்டு, வழிச்சாதனங்களில் சிறந்தது இறையச்சமே என்று உணர்த்தும் வசனம் அல்பகரா அத்தியாயத்தில் இறங்கியது.

இந்த வசனத்தைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அதன் இரு பகுதிகளும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பது பயணத்தில்தான் புலப்பட்டது. தவக்குல் என்ற பெயரில் பிறர் கையை எதிர்பார்த்துக் கிளம்பாதே என்பது முதற்பகுதி. கையில் உள்ளது குறையும்போது உன் இறையச்சமும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள் என்பது அடுத்தது. பணம் நிறைந்த பயணிக்கு இந்தச் சோதனை குறைவு. ஒவ்வொரு பிராங்கையும் எண்ணுபவனுக்கே அது நாள்தோறும் வரும்.

சோதனை ஊரிலேயே தொடங்கியது

விசா விண்ணப்பத்துக்கு வங்கிக் கணக்கு விவரம் தர வேண்டும். நம் கணக்கில் இருந்தது சொற்பம். உதவிக்கு வந்த முகவர் ஒருவர், ஐந்து இலட்சம் ரூபாயைக் கணக்கில் போட்டுக் காட்டலாம், விசா வந்ததும் எடுத்துவிடலாம், அதற்கு இவ்வளவு கமிஷன் என்றார். எல்லோரும் செய்வதுதான் என்ற ஆறுதலும் உடன் வந்தது.

இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கையொப்பமிடுவதற்குப் பொய்ச்சாட்சி என்பதைத் தவிர வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை. இருந்ததை இருந்தபடியே காட்டினோம். அழைப்பவர் செலவுக்குப் பொறுப்பேற்பதாகத் தரும் உறுதிமொழியைச் சட்டமே அனுமதிக்கிறது. மைத்துனரின் மகன் அதை முறைப்படி அளித்தான். விசா மறுக்கப்பட்டிருந்தால் பிள்ளையைக் கைப்பேசியில் பார்த்து துஆச் செய்திருப்போம். அதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்தியே விண்ணப்பித்தோம்.

அடுத்தது உப்புக்கண்டம். துணைவியாரின் தாயார் பேரனுக்காக ஒரு வாரம் வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுவர அந்நாடு தடை விதித்திருக்கிறது. "பைக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தால் யாருக்குத் தெரியும்?" என்றார். விசா பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைபவன் அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பேன் என்று வாக்களித்தே நுழைகிறான். வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் கடமை. கிழவியின் கண் கலங்கியதைப் பார்க்க நமக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. உப்புக்கண்டம் ஊரிலேயே தங்கியது. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், இரண்டு கிலோ புழுங்கலரிசி ஆகியன மட்டும் வந்தன.

இதே முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் அந்நாட்டில் பொது வாக்கெடுப்பு நடத்திப் புதிய மினாராக்கள் கட்டுவதைத் தடைசெய்தனர். 2025 ஜனவரி 1 முதல் பொது இடங்களில் முகத்தை மூடும் ஆடைக்கும் தடை நடைமுறையில் உள்ளது. மீறினால் ஆயிரம் பிராங்க் வரை அபராதம். இவற்றை நாம் ஏற்கவில்லை. எனினும் நிகாப் அணியும் சகோதரிகள் பயணத்தை முடிவு செய்யும் முன்பே இதை அறிந்திருக்க வேண்டும். பிடிக்காத சட்டமுள்ள நாட்டுக்குச் சுற்றுலா செல்லாதிருக்கும் உரிமை நமக்கு உண்டு. சென்றுவிட்டு ஒளித்து மறைப்பது அழகன்று.

மிச்சம் பிடித்த இடங்கள்

முதலில் உணவு. கெபாப் ஒன்று பத்து பிராங்கிற்கும் மேல். அதாவது ஆயிரம் ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் இரு வேளை வெளியில் உண்டால் ஊரில் ஒரு மாத மளிகைச் செலவு அங்கே ஒரே நாளில் கரையும். ஆகவே சமைத்தோம். தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே சமையலறை உண்டா என்று பார்த்துக்கொண்டோம். காலையில் ரொட்டியும் முட்டையும், இரவில் விடுதி அடுப்பில் வெந்த சோறும் புளிக்காய்ச்சலும்.

ஹலால் குறித்து ஒரு விளக்கம். மயக்கமூட்டாமல் கால்நடைகளை அறுப்பதை ஸ்விட்சர்லாந்து 1893ஆம் ஆண்டிலேயே வாக்கெடுப்பின் மூலம் தடைசெய்துவிட்டது. எனவே அவ்வாறு அறுக்கப்பட்ட கால்நடை இறைச்சி வெளிநாடுகளிலிருந்துதான் வருகிறது. எட்டு நாள்கள் இறைச்சியின்றி இருப்பது பெரிய தியாகமன்று. முட்டை, மீன், பருப்பு, காய்கறி போதும். ஆயினும் சைவம் என்று எழுதியிருப்பதாலேயே தயக்கமின்றி உண்டுவிட வேண்டாம். அந்நாட்டின் புகழ்பெற்ற பாலாடைக்கட்டி உணவாகிய ஃபாண்டுவில் வெள்ளை ஒயின் சேர்ப்பது வழக்கம். சில கேக்குகளில் செர்ரிப் பழத்திலிருந்து வடித்த மதுவை ஊற்றுவர். கேட்டறிந்து உண்ண வேண்டும்.

பொருள்கள் வாங்க மிக்ரோஸ் என்னும் கூட்டுறவுக் கடை நமக்கு ஏற்றதாக இருந்தது. காட்லீப் டுட்வைலர் என்பவர் 1925இல் நடமாடும் வண்டிகளைக் கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. அவர் வகுத்த கொள்கைப்படி அதன் பல்பொருள் அங்காடிகளில் மதுவும் புகையிலையும் விற்பதில்லை. 2022இல் மது விற்கலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினர். பத்து வட்டாரக் கூட்டுறவுகளிலும் வேண்டாம் என்ற முடிவே வந்தது. அக்குழுமத்துக்குச் சொந்தமான வேறு சில கடைகளில் மது உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இலாபம் கண்முன் இருந்தும் ஒரு மக்கள் கூட்டம் வேண்டாம் என்று சொன்னது நம் சிந்தனைக்குரியது.

தண்ணீருக்குச் செலவே இல்லை. சூரிச் நகரில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் தெருவோரங்களில் உள்ளன. பெரும்பாலும் எல்லாவற்றின் நீரும் குடிக்கத் தக்கது. உணவகத்தில் பல பிராங்க் கேட்கும் தண்ணீரை இங்கே புட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். ஹாஜிகளின் தாகம் தீர்க்க மக்காவுக்கு நீர் கொண்டுவந்த ஜுபைதா அம்மையாரை நினைத்துக்கொண்டே குடித்தோம். வழிப்போக்கனுக்குத் தண்ணீர் என்பது எந்நாட்டிலும் பெரிய உபகாரமே.

அடுத்தது போக்குவரத்து. சூரிச்சிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரப் பயணம். முழுக் கட்டணம் ஐம்பது பிராங்கை ஒட்டியது. சுற்றுலாப் பயணிகளுக்குப் பாதிக் கட்டண அட்டை உண்டு. நாம் சென்றபோது ஒரு மாதத்துக்கு 120 பிராங்க். நிறையச் சுற்றுபவருக்கே அது இலாபம். நம் நான்கு நாள் சுற்றுக்குக் கட்டாது என்று கணக்கில் தெரிந்ததால் விட்டுவிட்டோம். முன்கூட்டியே பதிவு செய்தால் குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு நாள் சீட்டு ஒன்றும், குறிப்பிட்ட ரயிலுக்கான தள்ளுபடிச் சீட்டுகளும் போதுமானவையாக இருந்தன. பெர்ன் போன்ற நகரங்களில் விடுதியில் தங்குவோருக்கு உள்ளூர்ப் பேருந்துக்கும் டிராமுக்கும் இலவசச் சீட்டு தருகின்றனர். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலையுச்சிக்குச் செல்லும் ரயிலுக்கு ஒருவருக்கு இருநூறு பிராங்கிற்கும் மேல் ஆகும் என்றனர். நாம் ஏறவில்லை. லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாப்பாக் அருவி விழுகிறது. பனி உருகும் காலமாதலால் நீர் நிறைந்திருந்தது. கிராமத்துச் சாலையில் நின்று பார்க்க ஒரு காசும் வேண்டாம். துணைவியார் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "சுப்ஹானல்லாஹ், இதுக்குச் சீட்டு இல்லையா?" என்றார்.

நாம் வாங்காமலேயே நமக்கு ஒரு பாதிச் சலுகையும் இருந்தது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் கஸ்ர் அது. அங்கே மே இறுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகிறது. இஷாவின் நேரம் பதினொன்றை ஒட்டி நுழைகிறது. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபினர் தம் மத்ஹபின் வழியைப் பேணுவர். பயணிக்குப் படைத்தவனே சலுகை தந்திருக்கும்போது தொழுகையைத் தள்ளிப்போடக் காரணம் ஏது?

அந்த நான்கு நிறுத்தங்கள்

இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியவற்றுக்குப் பொருளில்லை.

இரண்டாம் நாள் மாலை சூரிச் நகரில் நெடுநேரம் நடந்து களைத்திருந்தோம். வழிகாட்ட நம்மூர்த் தம்பி ஒருவர் உடன் வந்தார். வீட்டுக்குச் செல்ல நான்கு நிறுத்தங்கள். குறுந்தூரச் சீட்டு ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று பிராங்க். அந்நாட்டு டிராமில் நடத்துநர் இல்லை. நிலையத்தில் தடுப்புக் கதவும் இல்லை. சீட்டு வாங்கியிருப்பாய் என்று நம்பி ஏறவிடுகின்றனர். எப்போதாவது பரிசோதகர் வருவார். பிடிபட்டால் அபராதம் சுமார் நூறு பிராங்க்.

"நாலு ஸ்டாப்தான் ஹஜ்ரத். இந்நேரத்துல யாரும் செக் பண்ண மாட்டாங்க. ஏறுங்க" என்றார் தம்பி. டிராம் வந்து நின்றது. ஏறினோம்.

யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் அந்த நான்கு நிறுத்தங்களும் நீண்ட தூரமாயின. கதவு திறக்கும்போதெல்லாம் ஏறுபவர் முகத்தைப் பார்த்தோம். அமானிதம் பற்றி எத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்திருப்போம்! பரிசோதகரைக் கண்டு அஞ்சிய மனம், என்றும் பார்த்துக்கொண்டிருப்பவனை மறந்து ஏறியது ஏன்? ஆறு பிராங்கை மிச்சம் பிடிக்க நாம் கொடுத்த விலை என்ன?

இரவில் துணைவியாரிடம் சொன்னோம். அவர் எளிதாகச் சொன்னார்: "அந்தக் காசை நாளைக்குக் கட்டிடுங்க." மறுநாள் அதே நிறுத்தத்துக்குச் சென்று, அதே தூரத்துக்கு இரண்டு சீட்டுகள் வாங்கி, டிராமில் ஏறாமல் நடந்தே திரும்பினோம். தம்பி சிரித்தார். அடுத்த முறை அவரும் இயந்திரத்தில் காசு போட்டதைக் கண்டோம். அவர் எதுவும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

தனி மனிதருக்குத் தீங்கிழைத்தால் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். பொதுச் சொத்தில் கைவைத்தவன் யாரிடம் கேட்பான்? அந்த டிராம் ஒரு நகரத்து மக்கள் அனைவருக்கும் உரியது. மறுமையில் அவர்கள் ஒவ்வொருவரும் நம்மிடம் தம் பங்கைக் கேட்டால் என்ன செய்வது? ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமை தவ்பாவால் மட்டும் தீர்வதன்று என்று நாமே பிறருக்குப் போதித்திருக்கிறோம்.

முஸ்லிமல்லாத நாட்டின் பொதுப் பணம்தானே என்று வாதிடுவோரும் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஹிஜ்ரத் இரவை நினைவூட்டுகிறோம். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். பகைவரின் அமானிதத்துக்கே அந்த மதிப்பு என்றால், நம்மை நம்பிக் கதவு திறந்துவிட்டவரின் உரிமைக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும்!

பெர்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பண்ணை வீட்டு வாசலில் முட்டையும் பழக்கூழும் வைத்திருந்தனர். விற்பவர் இல்லை, விலைப் பலகையும் உண்டியலும் மட்டும். அந்நாட்டுக் கிராமங்களில் இது வழக்கம். சில இடங்களில் கேமராவும் உண்டு என்பதால், அங்கே அனைவரும் புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆறு முட்டைக்கு உரிய காசை எண்ணி உண்டியலில் போட்டபோது, இரண்டாம் நாள் டிராமில் இழந்த நிம்மதியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

மூன்று நாள் விருந்து

இன்னொரு வகை மிச்சம் உண்டு. அதில் பலருக்குக் குற்றவுணர்வே எழுவதில்லை. உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது!

விருந்து மூன்று நாள்கள். அதற்குமேல் அளிப்பது தர்மம். வீட்டாருக்குச் சங்கடம் ஏற்படும்வரை தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதன்று என்று நபிமொழி அறிவுறுத்துகிறது. மைத்துனரின் மகன் குடியிருப்பது ஒற்றைப் படுக்கையறை வீடு. கைக்குழந்தை, பிரசவித்த பெண், அதிகாலைப் பணி. மூன்று நாள்கள் தங்கினோம். துணைவியார் சமையலையும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் ஏற்றுக்கொண்டார். அகீகா இறைச்சியை நாமே பங்கிட்டோம். நான்காம் நாள் பெட்டியை எடுத்தபோது அவனுக்குக் கோபம். "மாமி, என் வீடு இருக்கும்போது விடுதிக்குக் காசு கொடுக்கிறீர்களா?" என்று கேட்டான். நான்கு இரவுகளுக்கு விடுதியில் நானூறு பிராங்கிற்கு மேல் ஆயிற்று. நம் பணத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கேயே தங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சத்தை அவன் மனைவி தன் உறக்கத்தால் கட்டியிருப்பாள். கடைசி இரவு மட்டும் திரும்பி வந்து தங்கினோம். அவள் தானே கதவைத் திறந்து பிள்ளையை மாமியின் கையில் கொடுத்தாள். அந்த வரவேற்பு ஏழாம் நாள் தொடர்ந்து தங்கியவருக்குக் கிடைத்திருக்குமா?

வெள்ளிக்கிழமை பெர்னில் இருந்தோம். 2014 இறுதியில் திறக்கப்பட்ட 'மதங்களின் இல்லம்' அங்கே உள்ளது. ஒரே கட்டடத்தில் பள்ளிவாசலும் ஈழத் தமிழரின் கோயிலும் பிற வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. பயணிக்கு ஜும்ஆ கடமையன்று, இருந்தும் சென்றோம். தொழுது வெளியே வந்தபோது தமிழ்க் குரல் கேட்டது. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் ஊர் விசாரித்தார். தாம் வந்த புதிதில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, ஒரு வேளை உணவைக் குறைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பிய கதையைச் சொன்னார். "எங்கட வயித்தில மிச்சம் பிடிச்சனாங்கள் தம்பி" என்றார். இவ்வளவு நேரமும் நாம் சொல்ல முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

புறப்படும் முன்

குறைந்த பணத்தில் பயணம் செய்வது இழிவன்று. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் செலவிடுவோரைக் குர்ஆன் புகழ்கிறது. நம் உணவில், நம் உறக்கத்தில், நம் கால்களின் வலியில் எவ்வளவு வேண்டுமாயினும் மிச்சம் பிடிக்கலாம். அந்நாட்டு மக்களின் உரிமையில், விருந்தோம்புபவரின் பொறுமையில், நம் நாவின் உண்மையில், தொழுகையின் நேரத்தில் மிச்சம் பிடித்தால் அது சிக்கனமாகாது; செலவை இன்னொரு கணக்குக்கு மாற்றுவதாகவே ஆகும். அந்தக் கணக்கும் ஒருநாள் நம்மிடமே வரும்.

வட்டிக்குக் கடன் வாங்கியோ தவணை அட்டையைத் தேய்த்தோ ஸ்விஸ் மலையடிவாரத்தில் படமெடுக்கத் துடிக்கும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒன்றே. படத்தை ஒரு நாள் பார்ப்பார்கள். தவணையை எத்தனை மாதம் கட்டுவீர்கள்? கையில் உள்ளதற்கு ஏற்ற ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊட்டியிலும் அருவி உண்டு, கொடைக்கானலிலும் மேகம் உண்டு.

ஊர் திரும்பியபோது கையில் 63 பிராங்க் இருந்தது. ரூபாயாக மாற்றி ஹஜ்ஜுக்கென்று ஒரு கணக்கு தொடங்கினோம். படிக்கட்டில் கேட்ட மூத்தவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆறாயிரமா? ஆரம்பம்தானே ஹஜ்ரத்" என்று தோளில் தட்டிச் சென்றார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஹலாலானவையாக ஆக்கி, அடியார்களின் உரிமைகளைச் சுமக்காதவர்களாக நம்மைத் தன்னிடம் சேர்ப்பானாக! தன் இல்லத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தையும் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.